நன்றாக வளர்ந்த தட்டு

இந்த மாதிரிக் கட்டுரைகளைப் பணி ஓய்வு பெற்றவர்கள் எழுதுவதுதான் வழக்கம். நான் ஓய்வு பெறவில்லை. என் மகளுக்கு இன்னும் கடைவாய்ப் பற்கள் முளைக்கவில்லை. இதை எழுதுவதே அவள் மதியம் தூங்கும் நேரத்தில்தான், அதுவும் ஒரு காதை அவள் பக்கம் வைத்துக்கொண்டு. ஆகவே ஓர் அனுபவசாலி பேசுகிறார் என்று நினைத்துப் படிக்காதீர்கள். நான் பயந்த சுபாவக்காரி. ஸ்டெம் செல் வளர்க்கும் வேலைக்குப் புதிதாக வருகிற உங்களிடம் பயத்தைப் பற்றிப் பேச எனக்குக் கொஞ்சம் உரிமை இருக்கிறது, அவ்வளவுதான்.

செல்லை எதில் வளர்ப்பது, எப்போது பிரிப்பது, எப்படி உறைய வைப்பது என்பதையெல்லாம் உங்களுக்குக் கற்றுத் தருவார்கள். நான் சொல்ல வந்தது ஒரு வாரத்தைப் பற்றி. ஒரு நல்ல செய்தியைக் கண்டு நான் பயந்த வாரம் அது.

எங்கள் லேபில் செம்முகக் குரங்கின் கருவிலிருந்து எடுத்த ஒரு லைன் இருந்தது. லைன் என்று நாங்கள் சொல்வது ஒரே கருவிலிருந்து வந்த செல் குடும்பத்தை. உருவாகிச் சில நாட்களே ஆன கரு வெறும் கண்ணுக்குத் தூசி மாதிரிதான் தெரியும். அதன் உள்ளே இருக்கும் சிறு கூட்டத்தைப் பிரித்தெடுத்து, எலிச் செல்களை மெத்தை மாதிரிப் பரப்பிய தட்டில் வைத்தால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. என்றாவது ஒன்று ஒட்டிக்கொண்டு பெருகும். அப்படிப் பெருகியதைப் பிரித்துப் பிரித்துப் புதிய தட்டுகளுக்கு மாற்றிக்கொண்டே இருந்தால் அது வருடக்கணக்கில் வாழும். கண்ணாகவோ நரம்பாகவோ இதயத் தசையாகவோ மாறும் திறனை இழக்காமலே வாழும். குரங்கின் கரு எளிதில் கிடைக்கிற பொருள் அல்ல. பல முயற்சிகள் வீணான பிறகு எங்களுக்கு நிலைத்தது இந்த ஒரு லைன்தான்.

இந்தச் செல்களுக்கு ஒரு குணம் உண்டு. கூட்டமாகத்தான் வாழும். தட்டு மாற்றும்போது சிறு சிறு கொத்துகளாகப் பிரிக்க வேண்டும். தனித்தனிச் செல்லாக உடைந்துவிட்டால் மறுநாள் பெரும்பாலும் செத்து மிதக்கும். இதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

மகள் பிறந்தபோது நான் ஆறு மாதம் லீவில் போனேன். லைனை இசக்கிமுத்துவிடம் ஒப்படைத்துவிட்டுப் போனேன். இசக்கி எங்கள் லேபின் ஆராய்ச்சி மாணவன். தாராவிக்காரன். அப்பா அங்கே பை தைக்கும் பட்டறையில் வேலை செய்கிறார். லேபில் மற்றவர்களுக்கு அவன் பெயர் வாயில் நுழையாமல் 'ஐசக்' ஆகி, கிறிஸ்துமஸுக்கு வாழ்த்து வேறு சொல்வார்கள். அவனும் சளைக்காமல் நன்றி சொல்லி, கேக் கொடுத்தால் வாங்கிக்கொள்வான். ஞாயிறு, தீபாவளி, கணபதி விசர்ஜனம் என்று பார்க்காமல் வந்து அந்தச் செல்களுக்கு உணவு மாற்றியவன். அந்த ஆறு மாதமும் லைன் உயிரோடு இருந்ததற்கு அவன்தான் காரணம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பிறகு வருவதைப் படித்துவிட்டு யாரும் அவனைத் தப்பாக நினைத்துவிடக் கூடாது.

நான் திரும்பி வந்த அன்று மைக்ராஸ்கோப் முன்னால் என்னை உட்கார வைத்தான்.

"பாருங்கக்கா. நீங்க போவும்போது சவலப் பிள்ள மாதிரி கெடந்துச்சு. இப்பம் பாருங்க, கொழுகொழுன்னு."

பார்த்தேன். உருண்டு திரண்ட கூட்டங்கள். ஓரம் கத்தரித்தாற்போல் இருந்தது. நான் விட்டுப்போன போது இவ்வளவு அழகு இல்லை. நான் வளர்த்ததைவிட நன்றாக வளர்த்திருக்கிறானே என்று ஒரு சின்னப் பொறாமைகூட வந்தது. கூடவே, எனக்குக் கை விட்டுப்போயிருக்குமோ என்ற பயமும்.

லேபே சந்தோஷத்தில் இருந்தது. வேறு ஊரில் இருக்கும் ஓர் ஆய்வுக்கூடம் எங்கள் செல்களைக் கேட்டிருந்தது. அவற்றை விழித்திரைச் செல்களாக மாற்றிப் பார்வை மங்கிய குரங்குகளின் கண்ணில் வைத்துப் பார்ப்பது அவர்கள் திட்டம். அந்த வெள்ளிக்கிழமை உறைந்த குப்பிகள் போக வேண்டும். பின்னாலேயே இசக்கியும் போய் அங்கே சில மாதங்கள் பயிற்சி எடுப்பான். அவனுடைய உதவித்தொகை அந்த வருடத்தோடு முடிகிறது. ஆய்வேட்டின் கடைசிப் பகுதி இந்தப் பயணத்தில்தான் இருந்தது. வீட்டில் அப்பா தானே ஒரு பயணப் பை தைத்துக்கொண்டிருப்பதாகச் சொல்லிச் சிரித்தான்.

திங்கட்கிழமை மதியம் நான் தட்டு மாற்றிக்கொண்டிருந்தேன். சுத்தமான காற்று வீசும் கண்ணாடிப் பெட்டிக்குள் இரண்டு கையும் இருந்தன. கோட்டுப் பையில் போன் அதிர்ந்தது. நின்றது. மறுபடி அதிர்ந்தது. குழந்தைகள் காப்பகத்து ஆன்ட்டியாகத்தான் இருக்கும், பாட்டிலை வாயில் வாங்க மாட்டேன் என்கிறாளாயிருக்கும். உள்ளே இருக்கும் கையை வெளியே எடுத்தால் எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்ய வேண்டும். போன் அதிர அதிர எனக்குப் பால் சுரந்து, உள்ளே நனைவது தெரிந்தது. சீக்கிரம் முடிக்க வேண்டும் என்ற அவசரத்தில், செல்களைக் குழாயால் மெதுவாக இரண்டொரு தடவை உறிஞ்சி விட வேண்டியதை வேகமாகப் பல தடவை உறிஞ்சி விட்டேன். மைக்ராஸ்கோப்பில் பார்த்தபோது கொத்து என்று ஒன்றுகூட இல்லை. எல்லாம் தனித்தனி மணலாக உதிர்ந்திருந்தது.

"இசக்கி, போச்சு. எல்லாத்தையும் உடைச்சுட்டேன்."

எட்டிப் பார்த்தான். "ரெண்டு தட்டுதானக்கா? விடுங்க, மிச்சத் தட்டு இருக்குல்லா. நாளைக்குத் தூக்கிப் போட்டுருவோம். நீங்க மொதல்ல போன எடுங்க."

போனை எடுத்தேன். ஆன்ட்டி, "ஒண்ணுமில்லம்மா, இப்பத்தான் குடிச்சா. அத சொல்லத்தான் கூப்பிட்டேன்," என்றார்.

மறுநாள் காலை அந்தத் தட்டுகளைக் கழுவிப் போடத்தான் எடுத்தேன். போடும் முன் பார்ப்பது என் வழக்கம். பெரும்பாலானவை சாகவில்லை. தனித்தனியாக உதிர்ந்தவற்றில் பல அங்கங்கே ஒட்டிக்கொண்டு, இரண்டாகவும் நான்காகவும் பிரிய ஆரம்பித்திருந்தன.

"உங்க கைராசிக்கா!" என்றான் இசக்கி. உண்மையாகவே மகிழ்ந்தான்.

நான் தட்டைக் கீழே வைக்காமல் மறுபடி பார்த்தேன். சாக வேண்டியது ஏன் சாகவில்லை?

தனிச் செல்கள் சாகாமல் காக்கும் மருந்து ஒன்று உண்டு. சில லேபுகளில் தட்டு மாற்றும்போது அதை உணவில் கலப்பார்கள். நான் இல்லாதபோது இவன் கலக்க ஆரம்பித்திருந்தால் விஷயம் முடிந்தது. அப்படி இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டுத்தான் கேட்டேன்.

"இல்லியேக்கா. அந்த மருந்து நம்மகிட்ட தீந்துபோயி மாசக்கணக்கா ஆச்சே. ஏங்க்கா?"

"ஒண்ணுமில்ல."

அன்று மாலை வீட்டில் கணவர் கேட்டார். அவர் விக்ரோலியில் ஒரு கம்பெனியில் கணக்குப் பார்க்கிறார். நான் லேபில் நடந்ததைச் சொன்னால் பொறுமையாகக் கேட்பார், ஆனால் முடிவு மட்டும்தான் அவருக்கு வேண்டும்.

"செல் செத்துப்போச்சா?"

"சாகலை."

"நல்லதுதானே?"

"நல்லதுதான்."

"அப்புறம் ஏன் எழவு விழுந்த மாதிரி மூஞ்சிய வெச்சிருக்க?"

எனக்கே என் மேல் நம்பிக்கை இல்லை. குழந்தை பிறந்ததிலிருந்து எல்லாவற்றுக்கும் பயம். அவள் மூச்சு விடுகிறாளா என்று மூக்கடியில் விரலை வைத்துப் பார்ப்பவள் நான். அவள் எடை கூடவில்லை என்றால் பயம், ஒரேயடியாகக் கூடினாலும் பயம். இந்தப் பயம் செல்லைப் பற்றியதா, அல்லது வீட்டில் மிச்சமான பயம் பஸ் ஏறி லேபுக்கு வந்துவிட்டதா? இதை எப்படிப் பிரித்துப் பார்ப்பது? உங்களுக்கும் இந்தக் கேள்வி வரும். குழந்தைதான் காரணம் என்றில்லை. கடன், காதல், அப்பாவின் உடம்பு என்று ஏதாவது ஒன்று இருக்கும். மனசு சரியில்லாத நேரத்தில் வந்த சந்தேகம் என்பதற்காகவே அதைத் தள்ளிவிடாதீர்கள். அதற்காகவே நம்பியும் விடாதீர்கள்.

புதன்கிழமை இசக்கியிடம் ஒன்று கேட்டேன். "ஒவ்வொரு தடவையும் எந்தத் தட்டை மேல கொண்டுபோனே?"

"இதென்ன கேள்விக்கா? நல்லா வளந்த தட்டத்தான். வேற எத எடுப்பாவ? நீங்கதான சொல்லிக் குடுத்தீய."

ஆமாம், நான்தான் சொல்லிக்கொடுத்தேன். எனக்கு எங்கள் லேபை நடத்தும் மேடம் சொல்லிக்கொடுத்தார். எந்த லேபில் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள். சோனியாக இருப்பதைக் கழித்துவிட்டு, நன்றாக இருப்பதை அடுத்த தட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். அக்கறையாகச் செய்கிற வேலை அது.

ஆனால் யோசித்துப் பாருங்கள். லட்சக்கணக்கான செல்களில் ஏதோ ஒன்று பிரியும்போது தவறிப்போய் ஒரு குரோமோசோமைக் கூடுதலாக வாங்கிக்கொள்கிறது. அதனால் அது மற்றவற்றைவிட வேகமாகப் பெருகுகிறது, தனியாக விட்டாலும் சாவதில்லை என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் அது இருக்கும் தட்டுதான் நன்றாக வளரும். நாம் ஒவ்வொரு வாரமும் தேடித் தேடி அதைத்தான் எடுப்போம். ஆறு மாதத்தில் தட்டு முழுக்க அதுவே நிறைந்துவிடும். யாரும் ஒரு தப்பும் செய்திருக்க மாட்டார்கள். கெட்டுப்போனதை நாமே நல்ல கண்ணோடு பொறுக்கி எடுத்து வளர்த்திருப்போம்.

இசக்கிக்கு ஏன் தெரியவில்லை என்று கேட்காதீர்கள். அவன் தினமும் பார்த்தான். தினமும் பார்க்கிறவருக்கு எந்த மாற்றமும் தெரியாது. நான் ஆறு மாதம் பார்க்காமல் இருந்தேன், என் கெட்டிக்காரத்தனம் அவ்வளவுதான்.

அவனிடம் மெதுவாகச் சொன்னேன். முகம் மாறியது.

"எல்லா டெஸ்ட்டும் பாஸ்க்கா. ஸ்டெம் செல்லுக்கு உண்டான அடையாளம் ஒவ்வொண்ணும் பாத்திருக்கேம்லா. பளிச்சுனு வந்துருக்கு."

"அது வரும் இசக்கி. குரோமோசோம் கூடிப்போனாலும் அதெல்லாம் வரும். குரோமோசோமைக் கடைசியா எப்ப எண்ணினோம்?"

"நீங்க இருக்கும்போது. நீங்கதான் எண்ணுனீய. நாப்பத்திரெண்டு." செம்முகக் குரங்கின் செல்லில் நாற்பத்திரண்டு குரோமோசோம் இருக்க வேண்டும். "அதுக்குப் பொறவு மாறும்னு யாரு கண்டா? நாளக்கழிச்சி பார்சல் போவணும். இப்பப் போயி இதச் சொல்லுதீய."

மேடத்திடம் போனேன். அவர் பெயரை எழுத வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்தவர், ஓய்வு பெறும் வயதுக்குப் பக்கத்தில் இருக்கிறார். பேச்சில் இனிப்புத் தடவத் தெரியாது. நான் சொன்னதைக் கேட்டுவிட்டு முதலில் ஒன்றே ஒன்று கேட்டார்.

"நீ ராத்திரி தூங்கறியா?"

"இல்லை மேடம்."

"எனக்கும் ரெண்டு பொறந்தது. மொத வருஷம் பூரா, கேஸை அணைச்சேனான்னு மாட்டுங்கா ஸ்டேஷன்லேர்ந்து திரும்பி வீட்டுக்கு ஓடியிருக்கேன். எங்காத்துல சிரிப்பா. ஒவ்வொரு தடவையும் அணைச்சுதான் இருந்தது." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஒரு தடவை தவிர."

கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார்.

"பயமா இருக்குன்னு எங்கிட்ட வந்து சொல்லாதே. பயத்தை வெச்சுண்டு நான் என்ன பண்றது? எண்ணிண்டு வா. அவனையும் எண்ணச் சொல்லு. நீ எண்ணினதை அவங்கிட்ட சொல்லாதே, அவன் எண்ணினதை நீ கேக்காதே."

இந்தத் தொழிலில் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய உதவி அதுதான். பதில் சொல்லக்கூடிய கேள்வியாகப் பயத்தை மாற்றிவிடுவது. 'ஏதோ சரியில்லை' என்பதை யாரும் சோதிக்க முடியாது. 'நாற்பத்திரண்டா, இல்லையா?' என்பதை யாரும் சோதிக்கலாம்.

அன்றே செல்களை எண்ணுவதற்குத் தயார் செய்தோம். வியாழக்கிழமை காலை படங்கள் வந்தன. ஒவ்வொரு படத்திலும் ஒரு செல் வெடித்து அதன் குரோமோசோம்கள் சிதறிக் கிடக்கும், யாரோ கத்தரித்துப் போட்ட நூல் துண்டுகள் மாதிரி. அவற்றைக் காகிதத்தில் ஆளுக்கொரு பிரதி அச்செடுத்து, ஸ்கெட்ச் பேனாவால் ஒவ்வொன்றாக அடித்து எண்ணினோம். ஒரே மேஜையில் இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவன். நான் பச்சை, அவன் சிவப்பு.

எண்ணும்போது என் மனசு எப்படி இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். நாற்பத்திரண்டு வர வேண்டும் என்று வேண்டிக்கொண்டேதான் எண்ணினேன். நான் பைத்தியக்காரி என்று ஆனாலும் பரவாயில்லை, இந்தப் பையனின் பயணம் கெடக் கூடாது. அதே சமயம் உள்ளே இன்னொரு குரல், நீ சொன்னது சரியாக இருக்க வேண்டுமே என்றது. இரண்டு ஆசையும் ஒரே கையில் இருக்கும்போது அந்தக் கை எண்ணுவதை நம்ப முடியாது. மேடம் எங்களைத் தனித்தனியாக எண்ணச் சொன்னது இதனால்தான் என்று அப்போது புரிந்தது.

முதல் தாளை முடித்துவிட்டு அவனைப் பார்த்தேன். அவன் நிம்மதியாக இருந்தான். இரண்டு தாளையும் ஒன்றாக வைத்தோம். அவனுக்கு நாற்பத்திரண்டு. எனக்கு நாற்பத்து மூன்று.

"நீங்க ஒண்ண ரெண்டு தடவ எண்ணியிருப்பீய," என்றான்.

"இருக்கலாம். மறுபடி பார்ப்போம்."

இருவரும் தாளின் மேல் குனிந்தோம். பச்சையும் சிவப்பும் ஒவ்வொன்றாக ஒத்துக்கொண்டே வந்தன. கீழ் ஓரத்தில் சிலுவை மாதிரி ஒன்று கிடந்தது. அவன் விரல் அங்கே நின்றது. கணினியில் அந்தப் படத்தைத் திறந்து பெரிதாக்கிப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான்.

"ஒண்ணு மேல ஒண்ணு கெடக்குக்கா," என்றான் கடைசியில். "ரெண்டு. நான் ஒண்ணுன்னு நெனச்சிட்டேன்."

பிறகு அவன் என்னை எண்ண விடவில்லை. தானே அடுத்த தாளை எடுத்தான். நாற்பத்து மூன்று. அடுத்தது நாற்பத்திரண்டு; முகத்தில் ஒரு வெளிச்சம். அதற்கடுத்தது நாற்பத்து மூன்று. மறுபடி நாற்பத்து மூன்று. பாதிக்கு மேற்பட்ட செல்களில் ஒன்று கூடுதல். தாள்களை ஒழுங்காக அடுக்கி, ஓரங்களைத் தட்டிச் சரிசெய்து, என்னிடம் கொடுக்காமல் அவனே மேடத்தின் அறைக்கு எடுத்துக்கொண்டு போனான்.

மேடம் எங்கள் முன்னாலேயே அந்த ஊருக்குப் போன் செய்தார். முறையான பரிசோதனை அறிக்கை வரச் சில வாரங்கள் ஆகும், அதுவரை பொறுக்கலாம் என்றோ, இப்போதைக்கு அனுப்பிவிட்டுப் பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்றோ அவர் நினைத்திருக்க முடியும். நானே அவர் இடத்தில் இருந்தால் அப்படி நினைத்திருப்பேனோ என்னவோ. கூடுதல் குரோமோசோம் உள்ள செல்லைக் கண்ணுக்குள் வைத்தால் அது கட்டியாகலாம். அந்தக் குரங்குக்குப் பார்வை வந்ததா இல்லையா என்பதைவிட, அது உயிரோடு இருக்குமா என்பது கேள்வியாகிவிடும்.

"நாளைக்குப் பார்சல் வராது," என்றார். "எங்க லைன் மேல எங்களுக்கே சந்தேகம்." மறுமுனையில் ஏதோ கேட்டார்கள். "இல்லை, தள்ளிப்போடலை. நிறுத்தறேன்." மறுபடி கேட்டார்கள். "புரியறது. நீங்க வேற இடத்துல கேட்டுக்கோங்கோ."

அவ்வளவுதான். இசக்கியின் பயணம் முடிந்தது.

வெளியே படிக்கட்டில் போய் நின்றான். நான் பின்னாலேயே போனேன். போயிருக்க வேண்டாமோ என்று இப்போதும் தோன்றுகிறது. "டீ குடிக்கிறியா?" என்றேன்.

அவன் திரும்பாமலே சொன்னான். "நீங்க லீவுலயே இருந்திருக்கலாம்க்கா."

அவன் அழவில்லை. இதை எழுதும்போது, தமிழ் படிக்க அவனுக்குத் தடுமாற்றம் என்பதால், போனில் வாசித்துக் காட்டினேன். அவன் கேட்ட ஒரே திருத்தம் இதுதான்: அழவில்லை என்று எழுதுங்கள். எழுதிவிட்டேன்.

அடுத்த சில வாரங்கள் எங்களுக்குள் வேலைப் பேச்சு மட்டும்தான். மருந்து எங்கே, குழாய் எங்கே. காப்பகத்திலிருந்து போன் வந்தால் முன்பெல்லாம் அவன்தான் என் கையிலிருந்து வேலையை வாங்கிக்கொண்டு, "போங்க, நான் பாத்துக்கிடுதேன்" என்பான். இப்போது போன் அதிரும், அவன் தலை நிமிராது. நான் செய்தது சரி என்று எனக்குத் தெரியும். சரி என்று தெரிந்த பிறகும் குற்றம் செய்தவள் மாதிரியே பஸ் ஏறிச் செம்பூர் வீட்டுக்கு வந்து சேருவேன். சரியான முடிவு எடுத்தால் மனசு லேசாகும் என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள்.

லைனுக்கு ஒரே ஒரு வழி பாக்கி இருந்தது. அது பிறந்த புதிதில், செல்கள் சோனியாக இருந்த காலத்தில் உறைய வைத்த குப்பிகள் சில நைட்ரஜன் தொட்டியில் இருந்தன. அவற்றை எடுத்து உயிர்ப்பிக்க முடிந்தால், கெட்டுப்போவதற்கு முந்தைய செல்கள் கிடைக்கும். ஆனால் உறைந்தவை எல்லாம் உயிர்க்காது. குப்பிகள் தீர்ந்துபோனால் லைனும் தீர்ந்தது, இசக்கியின் ஆய்வேடும் தீர்ந்தது.

முதல் குப்பியில் ஒன்றுகூடப் பிழைக்கவில்லை. உருக்கியது நான். என் கைதான் காரணமோ என்று நினைத்து நினைத்துச் சாப்பாடு இறங்கவில்லை. இரண்டாவதை இசக்கியை உருக்கச் சொன்னேன். பல நாள் தட்டில் குப்பை மட்டுமே தெரிந்தது. பிறகு ஒரு நாள் காலை ஓரத்தில் சில கூட்டங்கள் தெரிந்தன. ஓரம் பிசிறிட்டு, தட்டையாக, வளரலாமா வேண்டாமா என்று யோசிப்பது போல் இருந்தன.

"இத வச்சி என்ன செய்ய?" என்றான் இசக்கி. வாரக்கணக்கில் வேலையைத் தாண்டி அவன் பேசிய முதல் வாக்கியம் அது. "மூஞ்சியே சரியில்ல."

பின்னாலிருந்து மேடத்தின் குரல் வந்தது. "மூஞ்சியப் பாத்துப் பாத்துத்தாண்டாப்பா இந்த கதிக்கு வந்திருக்கோம்."

இசக்கிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தான், முடியவில்லை.

அதன் பிறகு எங்கள் லேபில் வழக்கத்தை மாற்றினோம். நன்றாக வளர்ந்த தட்டை மட்டும் மேலே கொண்டுபோவதில்லை. சோனியாக இருப்பதிலிருந்தும் எடுக்கிறோம். தட்டு மாற்றி மாற்றிக் கொஞ்ச காலம் ஆனதும், எல்லாம் சரியாக இருக்கிறது என்று தோன்றினாலும் எண்ணுகிறோம். முக்கியமாக, எல்லாம் சரியாக இருக்கிறது என்று தோன்றும்போது. வேலை திடீரென்று சுலபமாகிவிட்டால், என் கை தேறிவிட்டது என்று மகிழும் முன், எது மாறியது என்று கேளுங்கள். கை தேறியதாகவே இருக்கலாம். கேட்பதால் தேறிய கை கெட்டுவிடாது.

எண்ணிப் பார்க்கும் அளவுக்கு அந்தப் பழைய செல்கள் பெருக வெகு நாள் ஆனது. கடைசியில் அவற்றைத் தயார் செய்த அன்று நான் லேபில் இல்லை. மகளுக்குத் தடுப்பூசி. செம்பூரில் எங்கள் குழந்தை டாக்டரின் கிளினிக்கில் முறைக்காகக் காத்திருந்தேன். மடியில் இருந்தவள் பக்கத்து இருக்கைப் பையனின் செருப்பைப் பிடுங்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். போன் அடித்தது.

"அக்கா, படம் வந்துட்டு."

"எண்ணினியா?"

"எண்ணுனேன்." கொஞ்சம் நிறுத்தினான், வேண்டுமென்றே. "நாப்பத்திரெண்டு."

"எல்லாத்துலயுமா?"

"இதுவரைக்கும் எண்ணுனதுல எல்லாத்துலயும்."

நான் சந்தோஷமாக ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன். வெளியே வந்தது வேறு.

"எத்தனை எண்ணினே? சோனித் தட்டுலேர்ந்தும் எடுத்தியா? ஒண்ணு மேல ஒண்ணு கிடந்தா..."

"நீங்க இதத்தான் கேப்பீயன்னு தெரியும்க்கா. மேடம் போதும்னுட்டாவ. நான்தான் விடல. இன்னுங் கொஞ்சம் படத்த எடுத்து வச்சி, எண்ணிக்கிட்டேதான் பேசுதேன்."

"நாளைக்கு நானும் வந்து..."

"குறுக்க பேசாதீயக்கா. எண்ணுனது மறந்துபோவும்."

நர்ஸ் என் மகளின் பெயரைக் கூப்பிட்டார். அவளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தேன். காதில் போன், அதற்குள்ளிருந்து மெல்லிய முணுமுணுப்பு: இருவத்தாறு, இருவத்தேழு, இருவத்தெட்டு.

நான் பேசவில்லை. போனை வைக்கவும் இல்லை.